மேலே கேரியர் இல்லாத வண்டி

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர்கள் டூர் கிளம்பினால் முதலில் பாத்திரங்களை எண்ணுவார்கள், பிறகுதான் ஆட்களை. ஒரு அண்டா, இரண்டு குண்டான், ஜல்லிக்கரண்டி, ஒற்றை அடுப்பு, சிலிண்டர், அரிசி மூட்டை. இவையெல்லாம் வேனின் தலையில் இருக்கும் கேரியரில் ஏறி, கயிறு போட்டு இறுக்கிய பிறகு மனிதர்கள் ஏறுவார்கள். மனிதர்களில் கடைசியாக ஏறுவது என் பெரியம்மா ஹேமாவதி. வீட்டைப் பூட்டி, கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஜன்னலோர சீட்டெல்லாம் போயிருக்கும். மிச்சமிருப்பது இன்ஜின் பக்கத்துச் சூட்டு சீட்டு. அதில் புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

வழியில் பம்புசெட்டோ சத்திரமோ வந்தால் வண்டி நிற்கும். ஆண்கள் குளிக்கப் போவார்கள். பிள்ளைகள் ஓடுவார்கள். பெரியம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். என் அம்மா சரோஜினி வெங்காயம் உரிப்பாள், பெரியம்மாவின் மருமகள் வெண்ணிலா தண்ணீர் தூக்குவாள், ஆனால் உலை பெரியம்மாவுடையது. எல்லோரும் சாப்பிட்டுக் கோயிலுக்கோ அருவிக்கோ போன பிறகு அண்டாவைத் தேய்ப்பாள். தேய்த்து முடித்தால் அடுத்த ஊர்.

அதனால் அவள் ஊர்களை வேறு விதமாக அறிந்திருந்தாள். ராமேஸ்வரம் தண்ணீரில் பருப்பு வேகாது. திருச்செந்தூரில் மணல் பறந்து சோற்றில் விழும். குற்றாலம் எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"சத்தம் கேட்டுகினே இருந்துச்சு," என்றாள். "காத்து அடுப்ப அணைச்சிகினே இருந்துச்சு."

அருவியை அவள் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, மார்ச் மாதம் நான் ஊர் திரும்பினேன். மூன்று வருஷம் வெளியில் இருந்துவிட்டு வந்திருந்தேன். மணாலியில் ஒரு மலையேற்றக் கம்பெனியில் வேலை, அதன் பிறகு லாவோஸ், வியட்நாம் என்று கையில் காசு இருக்கும்வரை அலைச்சல். திரும்பி வந்ததும் வீட்டில் எனக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: ஊர் சுத்தினவ. மொட்டைமாடியில் துணி காயப்போட்டால்கூட, "ஊர் சுத்தினவளுக்கு கிளிப் போடத் தெரியுதே" என்பார் பெரியப்பா குப்புராஜ். எனக்கோ வந்த இரண்டாம் வாரமே கால் அரித்தது.

ஏப்ரலில் பெரியப்பா டூர் பேச்சை எடுத்தார். ஸ்ரீரங்கம், பழனி, கொடைக்கானல். பல்லாவரத்து அத்தை வீட்டில் மூன்று பேரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். வண்டி பிடிப்பது வழக்கமாக என் அப்பா தயாளனின் வேலை. அந்த வருஷம் அவருக்கு ஆபீஸில் ஆடிட், பெரியப்பாவுக்கோ கேம்ப் ரோட்டில் இருந்த ஜல்லி, சிமென்ட் கடையை விட்டு நகர முடியாது. "ஊர் சுத்தினவ தான் வூட்ல கீறாளே, அவ பாக்கட்டும்," என்றார். ஆனால் வயசுப்பெண்ணைத் தனியாக வேன் ஷெட்டுக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. மேகாங் ஆற்றைத் தனியாகப் படகில் கடந்தவளுக்கு மேற்குத் தாம்பரம் போகத் துணை வேண்டும். துணைக்குப் பெரியம்மா என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் பெரியம்மா மொட்டைமாடிக்கு வந்தாள். முழங்கால் வலியால் அவள் மாடி ஏறுவதே அபூர்வம். மூச்சு வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"இந்த வாட்டி டூர்ல நான் சமைக்க மாட்டேன்."

"சொல்லிடுங்களேன், பெரியம்மா."

"சொன்னா? ஒங்க பெரியப்பா ஒடம்புக்கு இன்னான்னு கேப்பாரு. மாத்திர குடுப்பாரு. அப்புறம் அடுப்பு குடுப்பாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எதிர் வூட்டு சம்பந்திங்க போன மாசம் ஒரு வண்டில வந்தாங்க. அதோட தல மொழுமொழுன்னு இருந்துச்சு. ஒரு சொம்பு வெச்சா உருண்டு கீழ வுழும். அந்த மாதிரி வண்டி பாரு. பாத்திரம் ஏறலன்னா நான் எதுல சமைக்கறது?"

அவள் இதை எத்தனை நாள் யோசித்திருப்பாள் என்று தெரியவில்லை. படப்பைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் வாரமே நடவு ஆட்களுக்குக் கூழ் காய்ச்சினாள். பிறகு நிலம் மனைகளாயிற்று. மனை வாங்க வந்தவர்களுக்குக் காபி. வீடு மூன்று போர்ஷனாக வளர்ந்தபோது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சோறு. கடை வந்த பிறகு லாரி டிரைவர்களுக்கு டிபன். கை நிறைய வாடகை வரும் வீட்டில் சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று வினோத்குமார், அவள் மகன், ஒருமுறை சொன்னான். "அம்மா கைப்பக்குவம் வருமா?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தவர் பெரியப்பா. அதைப் பாராட்டு என்றுதான் அவர் இன்றும் நினைக்கிறார்.

முடிச்சூர் ரோட்டில் ஏசுபாதம் என்பவரின் டிராவல்ஸ். முன்னால் ஒரு மாடிக் கட்டடம், பின்னால் வண்டிகள் நிற்கும் தகர ஷெட். ஏசுபாதம் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கோயில் பார்ட்டியா, ஜாலி பார்ட்டியா?"

"ரெண்டும்தான்," என்றாள் பெரியம்மா.

"ரெண்டும் ஒரே வண்டில வராதுக்கா. கோயில் பார்ட்டின்னா மஸ்தா. பதினெட்டு சீட்டு, மேல கேரியர், பின்னாடி ஏணி. கல்யாண அண்டாவே ஏத்தலாம். ஜாலி பார்ட்டின்னா டிராவலர். பன்னெண்டு சீட்டு, ஏசி, டிவி, புஷ்பேக். தனித்தனியா போகணும்னா ரெண்டு குவாலிஸ் தரேன்."

எனக்குக் குவாலிஸ் பிடித்தது. இரண்டு வண்டி என்றால் ஒன்றில் ஏறி, சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிவிடலாம். பெரியம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.

"ரெண்டு வண்டின்னா ரெண்டு கேரியர்," என்றாள்.

எழுந்து போய் மஸ்தாவைப் பார்த்தாள். தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த ஏணியில் வினோத் ஏறி நிற்பான், கீழிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். ஏணியின் கடைசிப் படியைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு டிராவலர் பக்கம் வந்தாள். ஷெட்டுக்கு வெளியே நின்ற வெள்ளை வண்டி, கறுப்புக் கண்ணாடி.

"இதும் மேல எதனா வெக்க முடியுமா?"

"மேல ஏசி மிஷின் இருக்கு, கேரியர் வராது," என்ற ஏசுபாதம் அவள் முகத்தைப் பார்த்துத் தவறாகப் புரிந்துகொண்டார். "கவலப்படாதீங்கக்கா. உங்களுக்கு வேணும்னா பின்பக்கம் பாதி எடம் இருக்கு. சின்னதா ஒரு கேரியர் வெல்டிங் பண்ணிக் குடுத்துடறேன். ரெண்டு நாள் வேல."

"வேணாம், வேணாம்," என்றாள் பெரியம்மா. அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "நல்ல வண்டிய ஏன் பாழ் பண்றீங்க."

டிரைவர் தனசிங் கதவைத் திறந்து காட்டினான். சுசீந்திரம் பக்கத்துக்காரன், வண்டியைச் சொந்தப் பிள்ளைபோல் துடைத்து வைத்திருந்தான். கண்ணாடிகள் திறக்காதவை என்று அவன் சொன்னபோது நான், "மலைல ஏசி போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏத்தத்துல போட்டா வண்டி இழுக்காதுங்க. நிறுத்தித்தான் ஆகணும்."

எனக்கு அது உறுத்தியது. மூடின கண்ணாடி, ஏசி இல்லை, பழனியிலிருந்து கொடைக்கானல் ஏற்றம். வெளியில் வந்ததும் பெரியம்மாவிடம் சொன்னேன், இது மலைக்கான வண்டி இல்லை, புழுங்கும், பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள் என்று. அவள் கேட்டுக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம் புழுங்கும்?"

"மூணு மணி நேரம் இருக்கும்."

"நான் முப்பது வருஷமா புழுங்கறேன். நீ மாடிக்குப் போய் மேல இருந்து பாத்துட்டு வா. கயிறு கட்ட கொக்கி கிக்கி எதனா கீதான்னு."

மாடிப்படியில் நின்று பார்த்தேன். ஏசிப் பெட்டியின் மேடு மட்டும். கொக்கி இல்லை, கம்பி இல்லை. வந்து சொன்னேன். அட்வான்ஸ் கொடுத்தோம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பெரியப்பா கேட்டார். "வண்டி எப்டி கீது?"

"ஏசி கீது, டிவி கீது. சீட்டு சாயுது," என்றாள் பெரியம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"பரவால்லியே."

அவ்வளவுதான். மேலே கேரியர் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் வேனுக்குக் கேரியர் உண்டா என்று கேட்பது, வேனுக்குச் சக்கரம் உண்டா என்று கேட்பதுபோல. அப்பா அடுப்பைச் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிவந்தார். வினோத் புதுக் கயிறு வாங்கினான். பெரியம்மா எதையும் தடுக்கவில்லை. முதல் நாளைக்கான புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் வழக்கம்போல அவள்தான் கட்டினாள். அதற்கு மட்டும் அவளிடம் வழி இல்லை.

கிளம்பும் நாள் காலையில் தனசிங் வண்டியை வாசலில் நிறுத்தினான். அப்பாவும் வினோத்தும் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வண்டியைச் சுற்றி ஏணியைத் தேடினார்கள். ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. அண்டா கையிலேயே இருந்தது.

"இன்னாய்யா, ஏணி எங்க?" என்றார் பெரியப்பா.

"ஏணி கிடையாதுங்க. மேல ஏசி."

"அப்ப சாமான எங்க ஏத்தறது?"

"பின்னாடி டிக்கி இருக்கு சார். பேக் வைக்கலாம்."

"பேக்க வெச்சு இன்னா பண்றது? பேக்கயா துன்றது?"

சிலிண்டரைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளலாம் என்று அப்பா யோசனை சொன்னார். தனசிங் கதவின் குறுக்கே நின்றுவிட்டான். "கண்ணாடி திறக்காத வண்டி சார். கேஸ் லீக் ஆனா பன்னெண்டு பேரும் போயிடுவோம். என்னையும் சேத்து பதிமூணு. சிலிண்டர் ஏறினா நான் வண்டி எடுக்க மாட்டேன்."

பெரியப்பா ஏசுபாதத்துக்குப் போன் போட்டார். முகூர்த்த நாள், ஷெட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை என்று பதில் வந்தது. போனை மூடிவிட்டுப் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"நீதான பாத்த வண்டிய?"

பெரியம்மா பூட்டைத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டிருந்தாள். "சீட்டு நல்லா இருந்துச்சு. மேல நான் எங்க பாத்தேன்? எனக்கு எட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் பையின் ஜிப்பைச் சரிசெய்தேன்.

"ஊர் சுத்தினவளே, நீயாச்சும் பாக்கக் கூடாதா? எல்லாம் பேஜாரு."

அண்டா உள்ளே போயிற்று. சிலிண்டரும் போயிற்று. அரிசி மூட்டையை எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கியில் போட்டார்கள். பெரியம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபோது வழக்கம்போல ஜன்னல்கள் போயிருந்தன. ஆனால் எல்லா சீட்டும் ஒரே மாதிரி சாய்ந்தன. வண்டலூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். செங்கல்பட்டில் ஒருமுறை விழித்து, "வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். விழுப்புரத்தில் இட்லி. அது அவள் கட்டியது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

குறை இரண்டாம் நாள் தொடங்கியது. திருச்சி ஓட்டலில் சாம்பார் தித்திப்பாக இருந்தது. பழனிக்குப் போகிற வழியில் பரோட்டா ரப்பராக இருந்தது. பெரியப்பா ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுக் கைகழுவி வந்து பெரியம்மாவைப் பார்ப்பார், அவள்தான் சமைத்தாள் என்பதுபோல. அத்தை வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். "அண்ணி கையால ஒரு ரசம் கெடச்சா போதும், எழுந்து உக்காந்துடுவேன்."

பெரியம்மா கேட்காததுபோல் இருந்தாள். அவள் கேட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. அடுத்த வேளை இலையில் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தாள்.

பழனியில் மலையிறங்கி வண்டிக்கு வந்தோம். பெரியம்மா படி ஏறவில்லை, முழங்கால். அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் வந்தும் பெரியப்பாவைக் காணோம். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டுரிக்‌ஷா வந்து நின்றது. அதில் ஒரு பம்பு ஸ்டவ், இரண்டு குண்டான், கரண்டி. பக்கத்தில் பெரியப்பா, ஜெயித்துவிட்டு வந்தவர்போல.

"வாடகைக்குக் குடுக்கறான். சத்திரத்துல எடமும் சொல்லிட்டேன். அரிசி நம்ம கிட்ட கீது. ஹேமா, எறங்கு. ஒரு சோறு, ஒரு ரசம், போதும். ஒடம்பு செத்துப் போச்சு."

பெரியம்மா கண்ணாடி வழியாக அந்தக் குண்டானைப் பார்த்தாள். யாரோ கழுவிய அவசரத்தில் அடியில் கரி அப்படியே இருந்தது.

"நான் எறங்கல," என்றாள்.

"இன்னா?"

"எறங்கல. கால் நோவுது."

"சத்திரம் இதோ எதிர்லதான்."

"கால் இங்கயே நோவுது."

அப்பா வேறு பக்கம் பார்த்தார். அத்தை, "பாவம் அண்ணிக்கு," என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். வெண்ணிலா இடுப்பிலிருந்த பிள்ளையை வினோத்திடம் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு இறங்க எழுந்தாள்.

"நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க உக்காருங்க."

பெரியம்மா அவள் கையைப் பிடித்தாள். "நீயும் உக்காரு."

"இல்ல, மாமா..."

"உக்காருன்னு சொல்றேன். இன்னிக்கு நீ எறங்குனின்னா அப்புறம் நீதான். சாவற வரைக்கும் நீதான்."

குரல் உயரவில்லை. அலுப்பாகத்தான் சொன்னாள், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போல. வெண்ணிலா உட்கார்ந்தாள். என் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள். இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

பெரியப்பா வெயிலில் நின்றார். ரிக்‌ஷாக்காரர், "எறக்கட்டுமா, திருப்பட்டுமா சார்?" என்று கேட்டார். தனசிங் ஸ்டீரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் பெரியப்பா ரிக்‌ஷாவோடு திரும்பி நடந்தார். வாடகையைத் திருப்பித் தரவில்லை என்று வந்து சொன்னார், அதையும் யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மலை ஏற்றத்தில் நான் பயந்தது நடந்தது. ஏசி நின்றதும் வண்டிக்குள் பன்னிரண்டு பேரின் மூச்சும் தலை எண்ணெயும் விபூதியும் ஒன்றாகக் கலந்தன. நாலாவது வளைவில் வினோத்தின் பெரிய பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு அத்தை. பிறகு பெரியம்மாவே. தனசிங் ஓரம் கட்டினான். எல்லோரும் தடுப்புச் சுவரோரம் வரிசையாகக் குனிந்து நின்றோம்.

"நல்ல வண்டி பாத்த," என்றார் பெரியப்பா, வாயைக் கொப்பளித்துவிட்டு.

"ஆமா," என்றாள் பெரியம்மா. சண்டைக்கு இல்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

கொடைக்கானலில் ஏரிக்கரையில் வண்டி நின்றதும் எல்லோருக்கும் உயிர் வந்தது. படகுக்கு ஓடினார்கள். நான் பெரியம்மாவை அழைத்தேன். குளிர் காற்று, பனி மெதுவாகத் தண்ணீர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் நான் அலைந்ததெல்லாம் இப்படி ஒன்றைப் பார்க்கத்தான். அவள் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதமாக இருந்தது. அவளை அடுப்பிலிருந்து பிரித்துக்கொண்டு வந்ததே இதற்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

"நீ போ," என்றாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"ஏரி எங்க போவப் போவுது? வுடு. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வரேன்."

அவள் வரவில்லை. நான் ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பியபோது விழித்துத்தான் இருந்தாள். தனசிங் கதவைத் திறந்துவைத்திருந்தான். கைகளை மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத கை அப்படித்தான் இருக்கும்போல.

"என்ன யோசிக்கிறீங்க?"

"வூட்டுக்குப் போனா மாவு இருக்காது. ரவதான் கிண்டணும். பால்காரன நிறுத்தச் சொன்னேன், என்னிக்கு வரச் சொன்னேன்னு மறந்துடுச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படகிலிருந்து எல்லோரும் திரும்பினார்கள். பசி. பிள்ளைகள் அழுதார்கள். எங்கே சாப்பிடுவது என்று பேச்சு வந்ததும் எல்லோருடைய கண்ணும் பழக்கத்தில் அவள் பக்கம் போய், பிறகு நகர்ந்தது. பெரியப்பா எதிரே இருந்த ஓட்டலைப் பார்த்தார். மற்றவர்கள் அந்தப் பக்கம் நடந்தார்கள். அவர் மட்டும் வண்டிக் கதவருகே நின்றார்.

"நீ வரலியா?"

"தல சுத்துது. நீங்க போங்க."

போகவில்லை. மப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"இன்னா துன்ற நீ?"

பெரியம்மா அவரைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவள்தான் இந்த வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவந்தவள். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"இன்னா கீதாம்?" என்றாள்.

"தெர்ல. கேட்டுகினு வரேன்."

ரோட்டைக் கடந்து போனார். ஓட்டல் வாசலில் நின்று யாரிடமோ கேட்பது தெரிந்தது. திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தார். "தோச கீதாம். பொங்கல் ஆறிப்போச்சாம். லெமன் சாதம் கீதாம். அப்புறம் இன்னாவோ ஒண்ணு சொன்னான், மறந்துட்டேன். மறுபடி கேக்கட்டுமா?"

"வேணாம்," என்றாள் பெரியம்மா. "எதுனா கொண்டாங்க. சூடா இருக்கட்டும்."